உடன்பிறந்தவள் அல்ல

முன்னறையில் தையல் இயந்திரத்தின் சத்தம் பாதித் தையலில் நின்றது. பின்கட்டில் சட்டைக் காலர்களுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த சின்னவள் நிமிர்ந்தாள். வாடிக்கையாளர் வந்தால் அவள் கணவர் மிதிப்பதை நிறுத்த மாட்டார், மிதித்தபடியேதான் பேசுவார். ஆறு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

பதிவு அலுவலகக் குமாஸ்தா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு கோப்பு. அவர்கள் கல்யாணத்தைப் பற்றி எதிர்க்கடைத் தையல்காரன் எழுதிப் போட்ட புகார் வேலை செய்துவிட்டது.

சின்னவள் என்பது அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்த பெயர். பெற்றவள் பிரசவத்தோடு கண்ணை மூட, ஏழு வயது அக்காதான் அவளை இடுப்பில் சுமந்து திரிந்தாள். அப்பாவும் போன பிறகு, தன்னைப் பெண் பார்க்க வந்த இதே தையல்காரரிடம், "இவளும் என்கூட வருவா, சம்மதம்னா பேசுவோம்" என்று முகத்துக்கு நேரே சொன்னவள். அந்தப் பெரியவளை நெஞ்சுச் சளி நாலே நாளில் கொண்டுபோனது. நாலு வயதுப் பெண் குழந்தை தங்கையின் மடியில் தங்கிவிட்டது.

ஒரே கூரை, இளம் பெண், மனைவியை இழந்தவன். தெருவின் வாய்க்கு வேறென்ன வேண்டும்? கல்யாணம் செய்து அந்த வாயை அடைக்கலாமென்று இருவரும் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பட்டியல் தொங்கியது: அந்த நாட்டில் ஓர் ஆண் மணக்கக் கூடாத முப்பது உறவுகள். முதல் வரி பாட்டி. "பாட்டியக் கட்டக் கூடாதாம். எவன் கேட்டான்?" என்று தையல்காரர் கிசுகிசுக்க, துக்கத்துக்குப் பின் அன்றுதான் அவள் முதன்முதலாகச் சிரித்தாள். பதினேழாவது வரியில் சிரிப்பு செத்தது. மனைவியின் சகோதரி, மனைவி இறந்த பின்னும். மீறினால் கல்யாணம் செல்லாது. கட்டியவனுக்கு இரண்டு வருடச் சிறை. பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் கிடையாது.

மூன்று ஊர் தள்ளிப் போய், உறவே இல்லையென்று சொல்லிப் பதிந்துகொண்டார்கள். அப்பா பெயரை மாற்றிச் சொல் என்று தையல்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார். மற்ற எல்லாப் பொய்க்கும் தலையாட்டியவள் அதற்கு மட்டும் மசியவில்லை. பெயரை உள்ளபடி எழுதிவிட்டாள். பெரியவளின் மரணப் பதிவிலும் அதே பெயர்தான் இருந்தது.

இப்போது அந்த இரண்டு பதிவுகளின் நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குமாஸ்தா காட்டினார். தையல்காரரின் கையில் கத்தரிக்கோல் தானாகத் திறந்து திறந்து மூடியது.

குமாஸ்தா கெட்டவர் இல்லை. அவர் மகள் கல்யாணத்துத் துணியெல்லாம் இந்த இயந்திரத்தில் தைத்ததுதான். தொண்டையைச் செருமிக்கொண்டு, தடை கூடப் பிறந்தவளுக்குத்தான், எடுத்து வளர்க்கப்பட்டவளுக்கு இல்லை என்றார். அக்காவும் தங்கையும் பிறந்த ஊரின் பிறப்புப் பதிவேடு வெள்ளத்தில் போய்விட்டதாம். இனி அவள் வாய்ச்சொல்தான் சாட்சி. எழுதிய தாளைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை முப்பது நாள் அலுவலகக் கதவில் ஒட்டுவார்கள். யாரும் மறுக்காவிட்டால் கோப்பு மூடப்படும்.

அவரே படித்தார். வழியில் கிடந்த அநாதைக் குழந்தை. பெற்றவர் தெரியாது. இரக்கத்தால் வளர்க்கப்பட்டவள். இறந்தவளுக்கு இரத்த உறவு எதுவும் இல்லை.

"வேணாம்," என்றார் தையல்காரர். "ரெண்டு வருஷம்தானே, போயிட்டு வரேன். நீ எழுதாதே."

"வயித்துல இருக்கறது யார் பேரச் சொல்லிப் பள்ளிக்கூடம் போகும்?"

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

சின்னவள் தாளை வாங்கினாள். கல்யாணத்துக்காகக்கூட விட்டுக்கொடுக்காத பெயரை இப்போது கல்யாணத்துக்காகவே விட வேண்டும். அப்பாவை, முகமே பார்க்காத அம்மாவை, இடுப்பு கன்றக் கன்றச் சுமந்தவளை ஒரே வரியில். பேனாவை அழுத்திப் பிடித்தாள். கஞ்சிப் பிசுபிசுப்பு தாளின் ஓரத்தில் ஒட்டியது.

"கொஞ்சம் உக்காந்து போடுங்கம்மா."

"உக்காந்தா போட மாட்டேங்கய்யா."

நின்றபடியே கையெழுத்திட்டாள். குமாஸ்தா மையை ஊதிக் காயவைத்தார்.

அடுப்படி வாசலில் பெரியவளின் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஏழு வயது. எப்போது வந்தாளோ, குமாஸ்தா படித்ததையெல்லாம் கேட்டிருந்தாள்.

"சித்தி, அப்ப அம்மா உனக்கு யாருமே இல்லியா?"

அருகே போய்க் குழந்தையை இழுத்து அணைக்கத்தான் சின்னவள் கை நீட்டினாள். ஆனால் குமாஸ்தா நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தாள் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"இல்ல கண்ணு," என்றாள்.

குழந்தை ஓரடி பின்னால் நகர்ந்தது. சின்னவள் நீட்டிய கை அப்படியே நின்றது.

குமாஸ்தா தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். தையல்காரர் அவர் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினார்.