தலையில் கை வைக்கும் முன்

நான் படித்தது ஐந்தாவது வரைதான். எழுத்து கோணலாகவும் பிழையாகவும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குற்றாலத்தில் இருபது வருசமாக எண்ணெய் மசாஜ் செய்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

போன சீசனில் ஒரு காலை, வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர் தன் எட்டு வயது மகனைக் கூட்டி வந்தார். பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, என்னைப் பார்த்ததும் கெட்ட வார்த்தையில் திட்டினான்.

"நல்லாத் தேச்சு விடுங்க. பிறகு அருவிக்கு நடுவுல கொண்டு நிறுத்தணும். அப்பதான் இவன் திமிரு அடங்கும்" என்றார் அப்பா.

எனக்கும் திமிராகத்தான் தெரிந்தது. உடம்பில் தேய்த்து முடித்தபின், எங்கள் வழக்கப்படி உச்சந்தலையில் இரண்டு கையாலும் தட்டினேன். பையன் திரும்பி என் மணிக்கட்டைக் கடித்துவிட்டான்.

"எண்ணெ பத்தலன்னு கடிக்கான்வே" என்று பக்கத்துப் பலகையில் மசாஜ் செய்கிறவர் சிரித்தார்.

"ஏலே, கடிக்கியால?" என்று அப்பா கையை ஓங்கினார்.

அடி விழாமல் விலக்குவதற்காகப் பையன் தலையைப் பிடித்தேன். முடிக்குள் நீளமாக ஒரு தையல் தழும்பு. பக்கத்தில் விரல் பதிகிற அளவு பள்ளம். இதன் மேலா தட்டினேன்?

"அண்ணாச்சி, தலையில என்ன?"

"போன வருசம் பைக்குல இருந்து விழுந்தான். ஆபரேசன் பண்ணுனாங்க. அதெல்லாம் ஆறிட்டு."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மூளையில அடி. கோவம் வரும், சத்தம் தாங்க மாட்டான், பொறுமையா இருங்கன்னாரு. எவ்வளவு நாளுதான் பொறுக்க? முன்ன அம்புட்டு சாதுவா இருந்தான்."

அவர் கையைப் பிடித்து அந்தப் பள்ளத்தின் மேல் மெதுவாக வைத்தேன். கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"கட்டுப் பிரிச்சதுல இருந்து இங்கன நான் தொட்டதே இல்ல" என்றார்.

"அந்தத் தண்ணி பெரியவங்களையே தள்ளுது. இவன் தலை தாங்காது. வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். வாடிக்கையாளரிடம் நான் வேண்டாம் என்று சொன்னது அன்றுதான்.

அருவிப் பக்கம் போகவில்லை. குழாயடியில் ஒரு வாளித் தண்ணீர் பிடித்து, அப்பாவே பையனின் தோளிலும் காலிலும் மெதுவாக ஊற்றினார். அங்கே சத்தம் குறைவு. பையன் காதிலிருந்து கையை எடுத்தான். போகும்போது என் மணிக்கட்டைப் பார்த்து, "வலிக்கா?" என்றான்.

"இல்லடே" என்றேன். நாலு நாள் வலித்தது.

எண்ணெயை ஊற்றுவதற்கு முன் தலையில் எப்போதாவது அடிபட்டதா என்று கேளுங்கள். சொல்ல மறந்திருப்பார்கள், விரலால் மெல்லத் தடவியும் பாருங்கள். நான் அதற்குப் பிறகு எந்தத் தலையிலும் தட்டுவதில்லை.

ஆனி 22, ஞாயிற்றுக்கிழமை.