மூன்றாவது முடிச்சு

மயிலாப்பூர் மாட வீதியில் தாலிச் சரடு மாற்றப் புதுச் சரடு வாங்கப் போனபோது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். தரமணிப் பக்கம் ஏதோ ஆபீஸ் போலிருக்கிறது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை, பெயர் தெரியாதபடி கைக்குள் மூடிக்கொண்டே நின்றாள். அவளும் மஞ்சள் சரடுதான் கேட்டாள்.

"கல்யாணம் எங்கம்மா?" என்றாள் கடைக்காரம்மா.

"கொடைக்கானல்ல, ஏரிக்கரையில. நாங்க ரெண்டு பேர் மட்டும்தான்."

"வூட்டுக்குத் தெரியாம போய்க்கினு கீற, அதானே?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, மூணாவது முடிச்சு நாத்தனார்தான் போடணுமா? அவங்க வரமாட்டாங்க. அவரே போட்டா கல்யாணம் நிலைக்காதா?"

எனக்கும் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். வீட்டில் சொல்லிவிட்டுப் போ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"எனக்கு முடிச்சுப் போட்ட நாத்தனார் இன்னிவரைக்கும் எங்கிட்ட பேசறதில்ல. மூணையும் அவரே போடட்டும். அம்பாள் பார்த்துப்பா."

சிரித்தாள். பிறகு கண் கலங்கி, தெருவென்றும் பாராமல் குனிந்து என் காலைத் தொட்டாள். அட்டை கையிலிருந்து நழுவித் தொங்கியது. பெயரைப் படித்துவிடாமல் இருக்க நான் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அவளுக்காக ஒரு அர்ச்சனை. குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்கிறார்.

"சுவாமி பேருக்கே பண்ணிடுங்க" என்கிறேன்.