ஆயிரத்து இருநூறு ஓம்

இது நடந்தது. கதை கட்ட எனக்கு வராது. சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் எலக்ட்ரீஷியன் நான். பெயர் மணிகண்டன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிப்பவன் நான்தான். அந்தச் சிரிப்பெல்லாம் போன ஆகஸ்ட் பதினான்காம் தேதி சாயங்காலத்தோடு முடிந்துவிட்டது.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி யானைக்காக ஒரு கம்பி வேலி உண்டு. ஒன்றேகால் கிலோமீட்டர், நூற்றெண்பது போஸ்ட். சோலார் பேட்டரியிலிருந்து விட்டு விட்டு ஷாக் கொடுக்கும். தொட்டால் யானை மிரளும், சாகாது. ஆனால் நான்கு நாள் விடாத மழையில் பேட்டரி செத்துவிட்டது. அன்றைக்கென்று ஒற்றைக்கொம்பன் என்கிற காட்டு யானை ரேஷன் கடைச் சுவரை இடித்துவிட்டு வந்து, லயத்துக்குக் கீழே மூங்கில் காட்டில் நின்றது. லயத்தில் கடைசி வீடு என்னுடையது. உள்ளே என் மனைவி மாரீஸ்வரி, ஏழு மாதக் கர்ப்பிணி.

பேட்டரி போனால் இந்தப் பக்கத்தில் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். வீட்டு கரண்டை நேராக வேலியில் கொடுத்துவிடுவார்கள். குற்றம்தான். ஆள் தொட்டால் ஆளே போய்விடும். அது தெரிந்துதான் அன்று ஒயரை இழுத்தேன். வேறு என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. சுவிட்ச் போடும் முன் வேலியின் மொத்த இம்பிடன்ஸை, அதாவது கரண்டுக்கு அது தரும் தடையை, ஓம் கணக்கில் அளந்துவிடுவேன். விஷயம் எளிது. ஒவ்வொரு போஸ்டிலும் கொஞ்சம் கரண்டு பூமிக்குள் கசியும். நூற்றெண்பது போஸ்ட், நூற்றெண்பது பாதை. அத்தனைக்கும் பதிலாக ஒரே ஒரு பாதை என்று வைத்துக்கொண்டால் என்ன எண் வருமோ, அதுதான் மொத்தம். மழை நாளில் எங்கள் வேலிக்கு அது ஆறாயிரம் ஓம். புதிதாக ஒரு பாதை சேர்ந்தால் எண் இறங்கும்.

மாலை 5.38. வேலிக்குக் கரண்டு போகும் ஷெட்டில் மீட்டரை மாட்டினேன்.

ஆயிரம்.

கிழிந்த அட்டையில் கணக்குப் போட்டேன். ஆயிரத்தில் ஒன்று. அதிலிருந்து ஆறாயிரத்தில் ஒன்றைக் கழித்தால், மிச்சம் ஆயிரத்து இருநூறில் ஒன்று. அதாவது ஆயிரத்து இருநூறு ஓம் உள்ள ஏதோ ஒன்று வேலியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. யானை என்றால் எண் இன்னும் கீழே போகும். ஈரக் கிளை என்றால் இவ்வளவு இறங்காது, ஆடாமலும் நிற்கும்.

இது ஆடியது. ஆயிரம்… ஆயிரத்து இருபது… ஆயிரம்… நான்கு நொடிக்கு ஒரு முறை. மூச்சு விடுவது போல.

நனைந்த மனித உடம்புக்கு ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு ஓம். பாலிடெக்னிக்கில் படித்தது.

பக்கத்தில் வாட்ச்மேன் சின்னமுத்து அண்ணன் நின்றார்.

"போடுடா மணி. இன்னும் என்னத்த யோசிக்க?"

"யாரோ கம்பியப் புடிச்சிருக்காங்கண்ணே."

"இந்த மழைக்குள்ளயா?"

வேலி மூன்று துண்டு. தனித்தனியாகக் கழற்றி அளந்தேன். முதல் இரண்டும் சுத்தம். மூன்றாவதில்தான் இருந்தது. என் வீட்டைக் காக்கும் துண்டு அது. மாரீஸ்வரிக்குப் போன் போட்டேன்.

"வேலிகிட்ட யாராச்சும் நிக்காங்களா, பாரு."

"யாருமில்லங்க. மூங்கி ஒடியிற சத்தம் கிட்டக்க கேக்கு. சீக்கிரம் போடுங்க."

5.49. மீட்டரைப் பார்த்துப் போனில் எண்ணை வாசிக்கும்படி அண்ணனிடம் சொல்லிவிட்டு, டார்ச்சோடு வேலியோரமாக ஓடினேன். மூடுபனி. சட்டைப் பைக்குள்ளிருந்து அவர் குரல் வந்துகொண்டே இருந்தது.

"ஆயிரம்… ஆயிரத்தி இருவது… ஆயிரம்…"

5.57. நூற்று நாற்பத்திரண்டாவது போஸ்ட். அங்கே நிலம் செங்குத்தாக ஓடைக்குள் இறங்கும். ஆள் இல்லை. கிளை இல்லை.

ஆனால் கம்பி தொய்ந்திருந்தது. நடுவில் ஏதோ பாரம் தொங்குவது போல. மெல்ல ஆடியது. மேலே… கீழே… நான்கு நொடிக்கு ஒரு முறை.

"மணி… கொறஞ்சிருச்சுடா."

"எவ்வளவு?"

"ஐநூத்தி நாப்பத்தஞ்சு."

மனம் தானாகக் கணக்குப் போட்டது. ஆறாயிரத்தோடு ஒரு ஆயிரத்து இருநூறு. கூடவே இன்னொரு ஆயிரத்து இருநூறு.

இரண்டு பேர்.

டார்ச்சைத் திருப்பினேன்.

என் இடது கை கம்பியைப் பிடித்திருந்தது.

எப்போது பிடித்தேன்… தெரியாது. விரலை விரிக்க முடியவில்லை. அதன் மேல் ஈரமாக, சில்லென்று ஏதோ இறுகியது… ஓடைப் பக்கம் இழுத்தது…

"லயத்துல கத்துறாங்கடா. போட்டுறட்டுமா?"

"அண்ணே! போடாதீங்க! நான் புடிச்சிருக்கேன்!"

கையைப் பிய்த்தேன். தோல் உரிந்தது. ஓடினேன்.

6.08. ஷெட். மீட்டரில் ஆயிரம்.

நான் விட்டுவிட்டேன். அது விடவில்லை.

போன் அடித்தது. மாரீஸ்வரி.

"போஸ்ட்ட சாச்சிருச்சுங்க… ஏங்க…"

அதற்கு மேல் அலறல்.

மீட்டரைக் கழற்றினேன்.

6.10. சுவிட்சைப் போட்டேன்.

பல்பு மங்கியது. கீழே யானை பிளிறியது. அதற்கு அரை நொடி முன்னால், ஓடைப் பக்கமிருந்து ஒரு சத்தம்… அது யானை இல்லை.

கொம்பன் காட்டுக்குள் ஓடிவிட்டது. அரை மணி கழித்து கரண்டை நிறுத்தி அளந்தேன். ஆறாயிரம். விடிந்ததும் ஓடை முழுக்கத் தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் ஷெட் அலமாரியைச் சுத்தம் செய்தபோது பழைய ரிஜிஸ்டர் ஒன்று அகப்பட்டது. எனக்கு முன்னால் இங்கே வேலை பார்த்த ஆசீர்வாதம் எழுதியது. நான்கு வருடத்துக்கு முந்தைய பக்கம். 'பேட்டரி இல்லை. நேர் கரண்டு. மொத்தம் 1000. ஈரக் கிளை விழுந்திருக்கும். 6.10க்குப் போட்டேன்.' அதோடு அவர் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

சின்னமுத்து அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டு ரிஜிஸ்டரை மூடி என் கையில் கொடுத்தார்.

"சின்னத்தாயின்னு ஒரு பிள்ள. வெறகுக்குப் போனவ அந்த ஓடைச் சரிவுல வழுக்கிட்டா. கம்பியப் புடிச்சு அரை மணி நேரம் தொங்கிருக்கா. கூப்ட்டுப் பாத்துருக்கா… மழையில யாருக்கும் கேக்கல."

"அன்னைக்கே ஏன் சொல்லலண்ணே?"

"சொல்லியிருந்தா நீ போட்டிருப்பியாடா?"

என் மகளுக்கு இப்போது எட்டு மாதம். அவளைத் தூக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு ஓடும். ஆசீர்வாதம் கிளை என்று நினைத்துப் போட்டார். நான் ஆள் என்று தெரிந்தே போட்டேன்.