குகனேஸ்வரி ஓடிய சைக்கிள்

இத்தாலியின் பலேர்மோ நகரில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஓகஸ்ட் மாதம் ஓய்வு மாதம் அல்ல. வீட்டு எசமானிகளான சிஞ்ஞோராக்கள் கடற்கரை வீட்டுக்குப் போவார்கள். வேலைக்காரியும் கூடவே போய் அங்கே இன்னொரு தரையைத் துடைப்பாள். குகனேஸ்வரி ஒன்பது வருசம் அப்படித்தான் போய்வந்தாள். 1998இல் அவளுடைய சிஞ்ஞோரா, பிள்ளை பெற்றிருந்த மகளைப் பார்க்க மிலானோவுக்குப் போய்விட்டாள். கணவன் சிவபாலன் கோப்பை கழுவும் உணவகமும் அதே நாட்களில் பூட்டியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக இருவருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைத்தது. அதை வைத்து என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

மேல்மாடியில் இருந்த மரி-கிளேருக்குத் தெரிந்திருந்தது. அவள் மொரிசியஸ்காரி. பூட்டன் தமிழன், ஆனால் அவளுக்குத் தமிழ் வராது. இரண்டு பேரும் இத்தாலிய மொழியில்தான் கதைப்பார்கள். அவளுடைய மச்சான் மொரிஸ் பிரான்சின் தெற்குக் கரையில் ஒரு முகாம் தலத்தின் காவலாளி. கோடையில் குடும்பங்கள் வந்து கூடாரம் அடிக்கும் இடம் அது. பைன் மரங்களுக்குக் கீழே, உள்ளேயே தங்கக்கூடிய கரவன் வண்டிகளும் வரிசையாக நிற்கும். அதில் கூரை நசுங்கிய பழைய கரவன் ஒன்று ஆளில்லாமல் கிடக்கிறது, எல்லாரும் போவோம் என்றாள். அந்த வருசம் எல்லையில் விசாவும் தேவைப்படவில்லை.

ரயிலில் ஒரு பகலும் இரவும். சிவபாலன் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக் கடதாசிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு நெஞ்சோடு வைத்திருந்தான். எல்லையைத் தாண்டியும் ஒருவரும் கேட்கவில்லை. அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கரவனுக்குச் சில்லுகள் இருந்தன, ஆனால் அது அசைந்து பல வருசம். சில்லைச் சுற்றி யாரோ பூச்செடி நட்டிருந்தார்கள். உள்ளே மடித்து விரிக்கும் கட்டில், கைக்கடக்கமான அடுப்பு, இரண்டு பேர் ஒரே நேரத்தில் திரும்ப முடியாத குசினி. குகனேஸ்வரி பெட்டியை இறக்கிய கையோடு விளக்குமாறு தேடினாள். மாலைக்குள் யன்னல்கள் பளபளத்தன. மறுநாள் பக்கத்துக் கரவனின் படியையும் கூட்டத் தொடங்கினாள். மரி-கிளேர் வந்து விளக்குமாற்றைப் பறித்து மொரிஸின் அறையில் வைத்துப் பூட்டினாள். அதற்குப் பிறகு குகனேஸ்வரி பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியையும் கதிரைப் பிடியையும் மாறிமாறித் தொட்டுக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு வயது மகள் கேசிகாவுக்கு வேறு கவலை. அங்கே பிள்ளைகள் எல்லாரும் சைக்கிளில் பறந்தார்கள். பலேர்மோவில் அல்பெர்கேரியாவின் ஒடுங்கிய சந்துகளில் வளர்ந்தவளுக்கு சைக்கிள் ஓடத் தெரியாது. அது தெரிந்துவிடும் என்று அவர்களோடு சேராமல் திரிந்தாள்.

ஐந்தாம் நாள் மொரிஸ் பலகையில் ஒரு அறிவித்தல் ஒட்டினான். மரி-கிளேர் வாசித்துச் சொன்னாள்: ஞாயிறு பின்னேரம் விளையாட்டுப் போட்டிகள், பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம், அம்மாமாருக்கு மெதுவான சைக்கிள் ஓட்டம். கடைசியாக வருகிறவருக்குத்தான் பரிசு.

குகனேஸ்வரி கதிரையில் நிமிர்ந்தாள். கால் நிலத்தில் பட்டால் என்ன என்று கேட்டாள். பட்டால் வெளியே என்றாள் மரி-கிளேர். அப்படியென்றால் தன் பெயரையும் எழுதச் சொன்னாள்.

"நீர் ஓடப்போறீரே?" என்றான் சிவபாலன்.

"ஓம். ஊரிலை சுன்னாகத் தபால் கந்தோர் வேலைக்கு நாலு வருசம் சீலையோடை சைக்கிளிலைதானே போனனான்."

கேசிகா முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, பேர் ஃபவோரே, தயவுசெய்து வேண்டாம். எல்லாரும் பாப்பினம்."

"பாக்கட்டும். பாக்கத்தானே வைக்கினம்."

சனியும் ஞாயிறும் விடியற்காலையில் மொரிஸின் மனைவியுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு, தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் போய்ப் பழகினாள். பத்து வருசத்துக்குப் பிறகு ஏறுகிறாள். முதல் தடவை வேலியில் மோதினாள். இரண்டாம் தடவை உடம்பு தானாகவே நேரானது. தனியாக நின்று சிரித்தாள்.

ஞாயிறு, இருபது மீட்டர் இடைவெளியில் தொடக்கத்துக்கு ஒன்றும் முடிவுக்கு ஒன்றுமாக இரண்டு கயிறு கட்டினார்கள். ஒன்பது பெண்கள். விசில் அடித்ததும் இரண்டு பேர் சரிந்தார்கள். ஒருத்தி பதற்றத்தில் மிதித்து நேரே போய் முடித்தேவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மிஞ்சியது இரண்டே பேர்: குகனேஸ்வரியும், சைக்கிளிலேயே பிறந்தவள் மாதிரி இருந்த நெட்டையான ஒல்லாந்துக்காரி ஒருத்தியும்.

குகனேஸ்வரி பிரேக்கைப் பாதி பிடித்து, முன்சில்லை இடமும் வலமுமாக ஒரு விரல் அளவு திருப்பித் திருப்பி, ஏறக்குறைய நின்றாள். சுற்றி நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு இன்னும் கிட்ட வந்து பார்த்தார்கள். ஐஸ்கிரீம் கடைக்குப் பின்னால் ஒளிந்திருந்த கேசிகா எட்டிப் பார்த்தாள். ஒல்லாந்துக்காரி ஒரு முழம் முன்னால் போனதைக் கண்டதும் பொறுக்கமுடியாமல் ஓடிவந்து கயிற்றோரம் நின்று, "அம்மா, பியானோ, பியானோ!" என்று கத்தினாள். மெதுவாக, மெதுவாக என்று இத்தாலிய மொழியில் சொன்னாள். கேட்ட பிரெஞ்சுக்காரப் பிள்ளைகளும் பொருள் தெரிந்தோ தெரியாமலோ "பியானோ" என்று சேர்ந்துகொண்டார்கள். ஒல்லாந்துக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே ஆடி எல்லைக் கயிற்றைத் தொட்டாள். குகனேஸ்வரி அப்போதும் நாலு மீட்டர் தள்ளித்தான் இருந்தாள். அதையும் அவசரப்படாமல் ஓடி முடித்தாள்.

பரிசு ஒரு மெலன் பழமும் காற்றடிக்கும் மெத்தையும். ஆண்கள் போட்டியில் சிவபாலனும் வீறாப்பாகப் பெயர் கொடுத்தான்; மூன்றாவது மீட்டரில் மொரிஸின் மேல் விழுந்தான். இரண்டு பேரும் எழும்ப முடியாமல் சிரித்தார்கள்.

அடுத்த நாள் ஒல்லாந்துக்காரி தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு கரவன் வாசலுக்கு வந்து, எப்படி நின்றாய் என்று கையால் கேட்டாள். குகனேஸ்வரியும் கையாலேயே விளக்கினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரையும் பிடித்துச் சரியாக இருத்தி, பிரேக்கில் விரலை வைத்துவிட்டாள். பிறகு எல்லாரும் அவள் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனபின் கேசிகா பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கும் பழக்குவீங்களோ?"

"ஏன் இவ்வளவு நாளும் கேக்கேல்லை?"

"உங்களுக்கு ஓடத் தெரியுமெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

இரண்டு நாளில் கேசிகா ஒருமுறை அரளிச்செடிக்குள்ளும் ஒருமுறை யாரோ காயப்போட்ட உடுப்புக்குள்ளும் போய் விழுந்தாள். மூன்றாம் நாள் விழவில்லை.

கிளம்புவதற்கு முதல்நாள் தாயும் மகளும் இரவல் சைக்கிள்களில் பக்கத்து ஊருக்குப் பாண் வாங்கப் போனார்கள். திரும்பும்போது திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வழி தவறிவிட்டது. கேசிகா தோட்டக்காரர் ஒருவரிடம் இத்தாலியனில் கேட்டாள். அவர் பிரெஞ்சில் சொன்னார். இரண்டு பேரும் விளங்கியதுபோலத் தலையாட்டினார்கள். அவர் கொடுத்த பீச் பழங்களைக் கூடையில் போட்டுக்கொண்டு தவறான பாதையிலேயே இன்னும் கொஞ்ச தூரம் ஓடினார்கள். இறக்கம் வந்தபோது கேசிகா முந்தினாள். குகனேஸ்வரி நீளச் சட்டையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு அவளைத் துரத்தினாள்.