அக்காவை நான் சந்தேகித்த நாட்கள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நல்லவற்றை மட்டும் எழுதச் சொன்னார்கள். ஒன்றை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

அக்கா மாதனூர் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தார். பத்தாம் வகுப்பு முடித்ததும் கம்பெனி பஸ் ஏறி, ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தார். அவர் உழைப்பில்தான் நான் கல்லூரி வரை படித்தேன். திருமணமான இரண்டே ஆண்டில் கணவரை விபத்தில் இழந்தார். பிள்ளை இல்லை.

என் மகளுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, ஞாயிறுதோறும் வருவார். கொஞ்ச மாட்டார், உற்று உற்றுப் பார்ப்பார்.

"பால் குடிக்கிறப்ப ஏன் நெத்தி இப்படி வேர்க்குது? ரெண்டு வாய் குடிச்சதும் மூச்சு வாங்குது. எடையும் ஏறல."

"சளிதான்க்கா. டாக்டர் சொல்லிட்டார்."

"மூணு தடவை மருந்து குடுத்தாச்சு. எனக்கு சந்தேகமாவே இருக்கு."

அவர் போனதும், "புள்ள இல்லாதவ இன்னாத்துக்கு இப்படிப் பார்க்கிறா?" என்றார் வீட்டில் ஒருவர். யார் என்பது இப்போது வேண்டாம். அந்தப் பேச்சு எனக்குள் இறங்கிவிட்டது. அக்காவின் கண்தான் குழந்தைக்கு ஆகவில்லையோ என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு, குழந்தை தூங்குகிறது என்று அறைக் கதவைச் சாத்திவைத்தேன்.

அக்காவுக்குப் புரிந்திருக்க வேண்டும். "நான் தொடல. மூச்சை மட்டும் எண்ணிக்கிறேன், கதவைத் திற" என்றார். செல்போனில் ஒரு நிமிடம் வைத்து எண்ணினார். அறுபத்தெட்டு. என்னையும் எண்ணச் சொன்னார். எனக்கும் அதேதான் வந்தது.

"காய்ச்சல் இல்ல, அழல. தூங்குற புள்ளைக்கு இவ்ளோ வேகமா?"

மறுநாள் லீவு போட்டு எங்களை வேலூருக்கு அழைத்துப்போனார். குழந்தை மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, பிறவியிலேயே இருந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் நுரையீரலும் கெட்டிருக்கும் என்றார். ஆறாம் மாதத்தில் ஆபரேஷன் நடந்தது. மகள் இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறாள்.

புற்றுநோயோடு படுத்திருந்த கடைசி நாட்களிலும் அக்கா என் வார்த்தையை நம்பவில்லை. "பாப்பாவைச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனியா? ரிப்போர்ட்டைக் காட்டு" என்று தாளை வாங்கிப் படித்த பிறகே கண்மூடினார்.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்த கம்பெனித் தோழிகளுக்கும், முறைபோட்டு ஆஸ்பத்திரியில் துணையிருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அன்று கதவைச் சாத்தியது ஏன் என்று அக்கா ஒருநாளும் கேட்கவில்லை. அவரிடம் நான் கேட்காமல் விட்ட மன்னிப்பை, அவரை அறிந்த உங்கள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறேன்.