எத்தினி பேரு?

உத்திரமேரூரில் நூருன்னிசாம்மா வீட்டுக்குக் குடிபோவதற்கு முன், எதிர்வீட்டு மங்கம்மாவிடம் முக்கால் மணி நேரம் பரீட்சை எழுதினேன். 1979, தை மாதம். பஞ்சாயத்து யூனியனில் எனக்குக் கிராம சேவிகா வேலை. வயது இருபத்தேழு, கல்யாணம் ஆகவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எந்த வீட்டுக்காரிக்கும் வாய் ஊறும்.

"ஏன் ஆகல? ஜாதகத்துல இன்னா? அண்ணன் வருவான்றியே, கூடப் பொறந்த அண்ணனா? வந்தா தங்குவானா? உனக்கு லெட்டர் போடறது யாரு?"

எல்லாவற்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன். கடைசியில், தனியா இருக்கிற பொம்பளைக்கு வீடு விடுவதில்லை என்றாள் மங்கம்மா. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வாய் காப்பி குடிக்கவாவது நேரம் இருந்திருக்கும்.

அதே கோபத்தோடு தெருவைக் கடந்து எதிர்க் கதவைத் தட்டினேன். நாற்பது கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். முக்காடு போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க நூருன்னிசாம்மா கதவைப் பாதி திறந்தாள்.

"எத்தினி பேரு?"

"நான் மட்டும்தாங்க."

"தண்ணி எறைச்சா வாளியக் கவுத்து வெச்சிடு. எப்போ வர்றே?"

அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அவள் புருஷன் கடைத்தெருவில் கயிறும் சாக்கும் விற்றவர். அவர் போன பிறகு பக்கத்து அறையையும் பின்கட்டையும் வாடகைக்கு விட்டுத்தான் ஜீவனம். யார் வந்தாலும் அதே இரண்டு கேள்விதான். என் வாய் சும்மா இருக்காது. ஒருநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டே விட்டேன். "ஏம்மா, எவனாவது திருடன் வந்தா இன்னா பண்ணுவீங்க?"

அவள் கீரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அலிமான்னு எனக்கு ஒரு பொண்ணு. லாரி ஆபீசுல எழுதிக்கினு இருந்த பையனோட போயிட்டா. அவன் எங்க ஜனம் இல்ல. எட்டு வருசம் ஆச்சு. அந்தப் பேரை வூட்டுல எடுக்கக்கூடாதுன்னாரு அவரு. சாவற வரைக்கும் எடுக்கல. எம் பொண்ணு எந்த ஊர்ல, எவ வாசல்ல நின்னுக்கினு, நீ யாரு, இவன் யாரு, எங்க கட்டிக்கினீங்கன்னு கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கினு கீறாளோ. இங்க ஒருத்திய நான் கேக்காம வுட்டா, அங்க ஒருத்தி எம் பொண்ண கேக்காம வுடுவா. அல்லா அப்பிடி வெப்பான்."

இந்தக் கணக்கு எப்படி நேராகும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் காஞ்சிபுரம் பஸ் வரும். ஹாரன் கேட்டதும் அவள் கை நின்றுவிடும். மாவு பிசைந்துகொண்டிருந்தாலும் சரி, துணி தைத்துக்கொண்டிருந்தாலும் சரி. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களின் செருப்புச் சத்தம் எங்கள் வாசலைத் தாண்டிப் போய் ஓய்ந்த பிறகுதான் கை மறுபடி ஓடும். முதலில் எனக்கு இது தெரியவில்லை. தெரிந்த பிறகு, ஐந்து மணிக்கு அவள் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

மாசியில் பின்கட்டுக்கு ஒரு ஜோடி வந்தது. ஒரே ஒரு தகரப் பெட்டி. முத்துவேலுக்குப் பெருநகர் என்ற பக்கத்து ஊர் ரைஸ் மில்லில் ஃபிட்டர் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவான். அந்தப் பெண் பவளத்துக்கு இருபது வயது இருக்கும். முழுகாமல் இருந்தாள். கழுத்துக் கயிற்றில் இன்னும் மஞ்சள் போகவில்லை.

"எத்தினி பேரு?" என்றாள் நூருன்னிசாம்மா.

"ரெண்டு பேருங்க," என்றான் அவன். பெட்டியை இன்னும் கீழே வைக்கவில்லை.

மறுநாளே மங்கம்மா விசாரிக்க வந்து நின்றாள். "அதுங்க யாரு, எங்கிருந்து வந்துச்சுங்கன்னு கேட்டியா?"

"குடியிருக்கறது என் வூட்டுல. உனுக்கு இன்னா பேஜாரு?" என்று கதவைச் சாத்தினாள் நூருன்னிசாம்மா. அன்றைக்கு எனக்கு ராத்திரிச் சாப்பாடு இரண்டு பங்கு இறங்கியது.

பவளம் என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள். "எங்க நைனா கண்ணுல பட்டோம், வெட்டிப் போட்டுடுவாரு கனகாக்கா." அதை நான் நூருன்னிசாம்மாவிடமும் சொல்லி வைத்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டை பிளக்கிற வெயிலில் ஒரு பெரியவர் வந்தார். கையில் ஒரு குடை, தோளில் துணிப்பை. செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, சுடுகிற கல்லில் நின்றார். நூருன்னிசாம்மா கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள். அவள் முகம் அவருக்குத் தெரியாது. உள்ளே நின்ற எனக்கு இருவரும் தெரிந்தார்கள்.

"என் பேரு சடையப்பன்மா. ஆரணிப் பக்கம். பொண்ணைத் தேடிக்கினு வந்தேன், பவளம்னு பேரு. அந்தப் பையனைப் பெருநகர் பஸ்ல பாத்ததா சொன்னாங்க. எதிர் வூட்டம்மா இங்க கேக்கச் சொல்லிச்சு."

பின்கட்டில் ஆட்டுக்கல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முத்துவேல் வீட்டில் இல்லை; பவளம் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். என் கண் அந்தத் துணிப்பை மேலேயே இருந்தது. உள்ளே விறைப்பாக எதுவோ துருத்திக்கொண்டிருந்தது. அரிவாளோ என்று என் புத்தி போயிற்று.

"என் வூட்டுல கீறவங்க யாரு எவருன்னு நான் கேக்கறதில்லிங்க," என்றாள் நூருன்னிசாம்மா.

"கேக்காம எப்பிடிம்மா வூடு வுடுவீங்க?"

"எத்தினி பேருன்னு கேப்பேன். அவ்ளோதான்."

அவர் குடையைக் கை மாற்றிக்கொண்டார். ஆட்டுக்கல் சத்தத்துக்குத் தலை லேசாகச் சாய்ந்தது. போய்விடுவார் என்று நினைத்தேன்.

"அப்போ எத்தினி பேருன்னு மட்டும் சொல்லும்மா," என்றார்.

நூருன்னிசாம்மா தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"ரெண்டு பேரு," என்றாள். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டு, "ஆவணிக்கு மேல மூணு பேரு," என்றாள்.

அந்த மனிதர் அப்படியே படியில் உட்கார்ந்தார். துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு பையிலிருந்து பேப்பர் சுற்றிய ஒன்றை எடுத்துப் படிமேல் வைத்தார். அரிவாள் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. புக்.

"பொறந்த தேதி இதுல கீதும்மா. இதைக் கிழிச்சுப் போட்டுட்டு, பொண்ணு மைனருன்னு போலீசுல எழுதிக் குடுன்னாங்க எங்காளுங்க. மனசு வரல. வேலைக்கு கீலைக்குப் போனா வேணும் இல்ல? அப்பிடி யாராச்சும் இங்க இருந்தா குடுத்துடுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு போனார். வீட்டுச் சுவர் முடிகிற இடத்தில் ஒருதரம் நின்று, அந்த ஆட்டுக்கல் சத்தத்தைக் கேட்டுவிட்டு நடந்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சொல்லிட்டீங்களே! நம்பி வந்த பொண்ணு. கையில அரிவாள் இருந்திருந்தா?"

அவள் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்க நீட்டிய என் கையைத் தட்டிவிட்டாள். அதை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கதவு திறந்துதான் இருந்தது, ஆனாலும் தட்டினாள். ஆட்டுக்கல் நின்றது. அப்புறம் வெகு நேரம் ஓடவில்லை.

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பவளம் இன்னா சொன்னா?"

"நான் கேக்கல."

ஐந்து மணி பஸ் ஹாரன் அடித்தது. செருப்புச் சத்தம் வந்தது, வாசலைத் தாண்டிப் போனது. அவள் முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ஆளுக்குச் சொல்ல நான் இருந்தேன்," என்றாள். "அலிமா வூட்டுல இப்போ எத்தினி பேரு இருப்பாங்க, கனகா?"