கோடு பட்டா கட்டம்

பர்மனென்ட் மார்க்கரோட அந்த சுள்ளுனு ஏறுற வாசனை... நான் நர்ஸா சேர்ந்த புதுசுல என் வெரலெல்லாம் அதான்.

காஞ்சிபுரத்துல சின்ன ஆஸ்பத்திரி. நரம்பு சுருட்டிக்கினு, கணுக்கால் மேல ஆறாத புண்ணோட வர்றவங்கதான் புண்ணுக்கு கட்டு போடுற எங்க ரூம்ல பாதி பேரு.

புண்ணு மேல சுத்தமான பிளாஸ்டிக் ஷீட் வெச்சு மார்க்கரால ஓரத்த வரைவோம். அப்புறம் அத கிராப் பேப்பர் மேல வெச்சு, உள்ள எத்தன கட்டம்னு எண்ணுவோம். ஓரத்து கட்டம் பாதிக்கு மேல கோட்டுக்கு உள்ள இருந்தா எண்ணணும், இல்லனா விட்டுடணும். கட்டம் கொறஞ்சா புண்ணு ஆறுதுன்னு அர்த்தம். அவ்ளோதான்பா எங்க சயின்ஸ்.

மணி அண்ணன்னு ஒருத்தர், ஐயம்பேட்டையிலேர்ந்து ஷேர் ஆட்டோல வருவாரு. பட்டுப்புடவ பார்டருக்கு கிராப்ல டிசைன் போடுறவரு. நாள் பூரா கால தொங்கப்போட்டுக்கினு வேல. கூடப்பொறந்தவருக்கு சக்கரையில கால எடுத்துட்டாங்க. தனக்கும் அதான் கதின்னு உள்ளுக்குள்ள பயம்.

மொத வாரம் நான் எண்ணி நாப்பதுன்னு சொன்னேன். மூணாவது வாரம் செம கூட்டம். "அண்ணா, கிராப் உங்களுக்கு தெரியாததா, நீங்களே எண்ணுங்க"ன்னு ஷீட்ட குடுத்துட்டு போய்ட்டேன். அப்போ எனக்கு கொஞ்சம் கொழுப்பு.

திரும்பி வந்தா மனுசன் கண்ணு கலங்கி உக்காந்துக்கினு இருக்காரு.

"நாப்பத்தஞ்சு சிஸ்டர். ஏறிடுச்சு. கால எடுக்கறதுன்னா இப்பவே சொல்லிடுமா, வூட்ல பேசணும்."

நான் ஷீட்ட வாங்கி எண்ணுனேன்... முப்பத்திரண்டு. ரெண்டு வாட்டி எண்ணியும் அதேதான்.

"எப்டிண்ணா எண்ணுனீங்க?"

"கோடு பட்டா அது கட்டம்தானேமா. எங்க வேலையில அப்டிதான்."

கோடு லேசா தொட்ட கட்டத்தையெல்லாம் சேத்துட்டாரு. எங்க ரூல சொல்லாம போனது என் தப்பு. வெளக்கம் சொல்லி பாத்தேன், ஆறுதலுக்கு சொல்றேன்னு நெனச்சுக்கினாரு.

மொத வாரத்து ஷீட்ட எடுத்து கையில குடுத்தேன். "இதையும் உங்க கணக்குலயே எண்ணுங்கண்ணா."

வெரல் வெச்சு மெதுவா எண்ணுனாரு. அம்பத்திநாலு. இன்னொரு வாட்டி எண்ணுனாரு.

"கொறஞ்சிருக்குதுமா"ன்னாரு... எனக்கு தெரியாத சேதிய சொல்ற மாதிரி. அழுதுட்டாரு. நானும்தான்.

அந்த புண்ணு ஆற மாசக்கணக்காச்சு. ஆனா வாராவாரம் அவருதான் எண்ணுனாரு.

இப்போ போன்ல ஒரு போட்டோ, செகண்ட்ல அளவு வந்துடுது. தப்பு கம்மி, டைமும் மிச்சம். நல்லதுதான்.

"கொறஞ்சிருக்குது"ன்னு சொல்லி போன காட்டுறேன்... யாரும் அத பாக்கறதில்ல. நெசமாதான் சொல்றேனான்னு என் மூஞ்சியதான் பாக்குறாங்க.